பிள்ளையின் கையில் இருப்பது பெற்றோரின் போன்

பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு நாடு முழுவதும் தடை விதிக்கும் சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். தமிழ்நாடு இந்த வழியில் முன்பே வெகுதூரம் நடந்திருந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு இது குறித்து அறிக்கை தந்தது. 2022-இல் பேரவை நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பினார், 2023 மார்ச்சில் பேரவை அதை மீண்டும் நிறைவேற்றியது, ஏப்ரலில் சட்டமானது. அதன்கீழ் அமைந்த ஆணையம் 2025 பிப்ரவரியில் விதிகளை வகுத்தது. 18 வயது நிரம்பாதவர்கள் பணம் வைத்து ஆடக் கூடாது, நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை எவருமே பணம் வைத்து ஆட முடியாது என்ற அந்த விதிகள் செல்லும் என்று ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. எல்லாம் வரவேற்க வேண்டியவையே. ஆனால், இனி நம் பிள்ளைகளைப் பற்றிக் கவலையில்லை என்று பெற்றோர் நினைத்தால் அது தவறு. கடலூர் மாவட்டத்தின் கிள்ளை, பிச்சாவரம், முடசல் ஓடை, பரங்கிப்பேட்டை என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், தமிழ்நாட்டின் மற்ற ஊர்களைப் போலவே, பள்ளிப் பிள்ளைகள் போனில் ஆடுவது ரம்மி இல்லை. ஃப்ரீ ஃபயர் மேக்ஸ், பிஜிஎம்ஐ போன்ற, காசு கொடுக்காமலே தரவிறக்கிக்கொள்ளும் விளையாட்டுகள் அவை. புதிய சட்டம் அவற்றைத் தொடவில்லை. பெரிய மீனுக்கு என்று பின்னிய வலையின் கண்ணில் பொடிமீன் நிற்காது. பணத்தைப் பிடிக்கப் பின்னிய சட்டத்தில் பிள்ளையின் நேரம் நழுவிப் போகிறது.

அந்த நேரத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு விடை தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. கிராமப்புறக் கல்வி நிலையை ஆராயும் ‘அசர்’ 2024 அறிக்கை சொன்ன கணக்கைப் பார்க்கலாம். நாட்டின் ஊரகப் பகுதிகளில் 14 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு 82 பேருக்கு ஸ்மார்ட்போனைக் கையாளத் தெரியும். ஆனால், அப்படித் தெரிந்தவர்களில் தமக்கென்று சொந்தமாகப் போன் வைத்திருப்பவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மற்றவர்கள் ஆடுவது அப்பாவின் போனில், அம்மாவின் போனில், அண்ணன் வெளியூர் போகும்போது விட்டுச் சென்ற போனில். 18 வயதுக்குட்பட்டவர் பெயரில் சிம் கார்டு கிடையாது என்பது 2021-இலிருந்து தொலைத்தொடர்புத் துறையின் உத்தரவு. ஆக, போன் பெரியவருடையது, சிம் பெரியவர் பெயரில் இருக்கிறது, டேட்டாவுக்குப் பணம் கட்டுபவர் பெரியவர், போனோடு இணைந்திருக்கும் வங்கிக் கணக்கும் பெரியவருடையது. குழந்தை பெற்றோரின் அனுமதியோடுதான் ஆடுகிறது என்று நிறுவனம் எழுதி வைத்துக்கொள்ள ஒரு ஓ.டி.பி. போதும். அந்த ஓ.டி.பி. பெற்றோரின் போனுக்கு வரும். அதாவது, குழந்தையின் கைக்கே வரும். இந்த விஷயத்தில் பெற்றோரின் பொறுப்பு என்று நாம் பேசுவது வெறும் நீதிபோதனை இல்லை. போன் யாருடையதோ, அதில் நடப்பதற்கு அவரே பொறுப்பு என்ற எளிய கணக்கு அது.

எதற்கு அஞ்ச வேண்டும் என்பதில் நமக்குத் தெளிவு வேண்டும். துப்பாக்கி விளையாட்டு ஆடும் பிள்ளை நாளை கத்தி எடுப்பான் என்பதுதான் பெரும்பாலான வீடுகளில் கேட்கும் அச்சம். ஆய்வுகள் அந்த அளவுக்குப் போவதில்லை. வன்முறை விளையாட்டுகளுக்கும் எரிந்து விழுதல், முரட்டுத்தனம் போன்றவற்றுக்கும் சிறிய அளவில் தொடர்பு தெரிகிறது, ஆனால் கொலை, வன்செயல் போன்றவற்றுக்கு அவற்றைக் காரணம் காட்டப் போதிய ஆதாரமில்லை என்றே அமெரிக்க உளவியல் சங்கம் 2020-இல் சொன்னது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி 2019-இல் பிரிட்டன் வளரிளம் பருவத்தினரிடம் நடத்திய ஆய்வில் அந்தச் சிறிய தொடர்பும் தெரியவில்லை. இல்லாத பூதத்தைக் காட்டி மிரட்டும் பெற்றோரைப் பிள்ளை நம்பாது. தான் ஆயிரம் முறை சுட்டும் யாரையும் அடிக்கவில்லையே என்று அது நினைக்கும். உண்மையான இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. தூக்கம் போகிறது. 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு நாளுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. நள்ளிரவு தாண்டி ஆடிவிட்டுக் காலை ஏழு மணிப் பேருந்தைப் பிடிக்கும் பிள்ளைக்கு அதில் பாதிதான் தேறும். கண் கெடுகிறது. சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், முதல் வகுப்புப் பிள்ளைகள் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெட்டவெளியில் இருந்தார்கள். மூன்று ஆண்டுகளில் அவர்களில் 30.4 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை வந்தது. அந்தக் கூடுதல் நேரம் கிடைக்காத பிள்ளைகளிடம் அது 39.5 விழுக்காடு. சூரிய வெளிச்சத்துக்குப் பஞ்சமே இல்லாத நம் கடற்கரையில், பிள்ளைகள் அந்த நாற்பது நிமிடத்தைச் சுவரோரம் குனிந்து உட்கார்ந்து இழக்கிறார்கள்.

இந்த விளையாட்டுகள் எப்படி நேரத்தைப் பிடித்து வைக்கின்றன என்பதைப் பெற்றோர் ஒருமுறையாவது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பிஜிஎம்ஐயில் ஓர் ஆட்டத்தில் நூறு பேர் வரை இறங்குவார்கள். கடைசிவரை தாக்குப்பிடித்தால் அரை மணி நேரம் ஓடும். ஃப்ரீ ஃபயரில் ஐம்பது பேர். பத்து நிமிடத்தில் முடியும், உடனே அடுத்தது தொடங்கும். பெரும்பாலும் நால்வர் சேர்ந்து ஒரு ஸ்க்வாடாக ஆடுவார்கள். அந்த நால்வரில் ஒருவன் அடுத்த தெருப் பையனாக இருக்கலாம், இன்னொருவன் முகம் தெரியாத யாரோவாகவும் இருக்கலாம். ஆட்டத்தின் நடுவே நிறுத்தி வைக்க வழி கிடையாது. “சோறு ஆறுது, வாடா” என்று அம்மா கூப்பிடும்போது மகன் அசையாமல் இருப்பதைத் திமிர் என்று நினைக்கிறோம். அவன் எழுந்தால் மற்ற மூவரும் தோற்பார்கள். நாளைக்கு அவனை அணியில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். இன்று உள்ளே வந்தால் ஒரு பரிசு, ஏழு நாள் தொடர்ந்து வந்தால் இன்னொரு பரிசு, ஒரு நாள் விட்டால் வரிசை அறுந்துவிடும். பதவிப் பட்டியலில் ஏறியவன் சில நாள் ஆடாவிட்டால் மற்றவர்கள் அவனைத் தாண்டிப் போய்விடுவார்கள். காசு கொடுத்து டைமண்ட் வாங்கினால் உடுப்பு மாறும், துப்பாக்கியின் நிறம் மாறும். பழைய உடுப்போடு வருபவனை மற்றவர்கள் கேலி செய்வார்கள். இவை தற்செயலாக அமைந்தவை இல்லை. ஒவ்வொன்றும் ஆடுபவர் வெளியேறாமல் இருக்கவென்றே கணக்கிட்டுச் செய்தவை. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு மன உறுதி இல்லை என்று குறை சொல்வதற்கு முன், அந்த உறுதியை உடைப்பதையே தொழிலாகக் கொண்ட பொறியாளர்களும் உளவியல் படித்தவர்களும் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் குற்றவாளி நிறுவனம்தானே, பெற்றோரை ஏன் இழுக்கிறீர்கள் என்று கேட்கலாம். நிறுவனத்தின் குற்றம் மெய்தான். ஃபோர்ட்நைட் விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனம், குழந்தைகளின் தகவலைத் திரட்டியதற்காகவும், தெரியாமல் பணம் செலவழிக்க வைக்கும் வகையில் பொத்தான்களை அமைத்ததற்காகவும் 52 கோடி டாலர் கட்ட 2022 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே காசு கொடுத்து வாங்கும் பரிசுப் பெட்டிகளைச் சூதாட்டம் என்று பெல்ஜியம் 2018-லேயே அறிவித்தது. நம் நாட்டில் பிஜிஎம்ஐ 2021-இல் வந்தபோது சிறுவர்கள் நாளுக்கு மூன்று மணி நேரம்தான் ஆடலாம், நாளுக்கு 7,000 ரூபாய் வரைதான் செலவழிக்கலாம் என்று கட்டுப்பாடு வைத்திருப்பதாக நிறுவனம் சொல்லிக்கொண்டது. கிள்ளையில் இறால் விற்றுப் பிழைக்கும் ஒரு குடும்பம் 7,000 ரூபாயைச் சேர்த்துப் பார்க்க எத்தனை நாள் ஆகும்? அதை ஒரே நாளில் ஒரு சிறுவன் செலவழிக்கலாம் என்பதற்குப் பெயர் கட்டுப்பாடு! இவற்றையெல்லாம் அரசு கேட்க வேண்டும், இன்னும் கடுமையாகக் கேட்க வேண்டும். ஆனால், அரசு கேட்டு முடிக்கும்வரை பிள்ளை பதின்மூன்று வயதிலேயே நிற்கப்போவதில்லை.

ஒரே அடியாகத் தடை செய்துவிடலாமே என்பது அடுத்த யோசனை. செய்து பார்த்தார்கள். 2020 செப்டம்பரில் பப்ஜி தடை செய்யப்பட்டது. பத்தே மாதத்தில் பெயரை மாற்றிக்கொண்டு பிஜிஎம்ஐயாக வந்தது. 2022 ஜூலையில் அதுவும் முடக்கப்பட்டது. 2023 மே மாதம் திரும்பிவிட்டது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் முடக்கப்பட்டபோது, அதன் இரட்டைப் பிறவியான ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் எப்போதும்போல் கிடைத்துக்கொண்டிருந்தது. தென்கொரியா 2011-இல் 16 வயதுக்குட்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை ஆடக் கூடாது என்று சட்டம் போட்டது. பிள்ளைகள் பெற்றோரின் அடையாள எண்ணைக் கொடுத்து உள்ளே போனார்கள். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, 2022 தொடக்கத்தில், சட்டத்தைக் கைவிட்டுவிட்டுப் பெற்றோரும் பிள்ளையும் பேசி நேரம் குறித்துக்கொள்ளும் முறைக்கு அந்த நாடு வந்து சேர்ந்தது. சீனா இன்னும் கடுமையான வழியைப் பிடித்தது. 2021-இலிருந்து வெள்ளி, சனி, ஞாயிறு மற்றும் விடுமுறை நாள்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டுமே 18 வயதுக்குட்பட்டவர்கள் ஆடலாம். அதற்கு முன் 2019-இல் அந்த நாடு கொண்டுவந்த நேரக் கட்டுப்பாட்டை ஆராய்ந்து 2023-இல் வெளியான ஆய்வொன்று, மிகுதியாக ஆடுவோரின் எண்ணிக்கை குறைந்ததற்கு ஆதாரமே கிடைக்கவில்லை என்றது. இவ்வளவு கெடுபிடியான அரசுகளாலும் வீட்டுக்குள் நுழைய முடியவில்லை. அரசு மூடும் கதவின் சாவி வீட்டில் இருக்கிறது.

இதெல்லாம் பழைய புலம்பல்தானே என்பவர்களும் உண்டு. சினிமா வந்தபோது பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்றார்கள், தொலைக்காட்சி வந்தபோதும் சொன்னார்கள். எம்.ஜி.ஆரின் ‘இதயக்கனி’க்காக இதே பிச்சாவரத்துக் கழிமுகத்தில் படப்பிடிப்பு நடந்து, 1975-இல் அந்தப் படம் வெளிவந்த காலத்திலும், சிதம்பரம் தியேட்டர்களின் முன்னால் நின்ற பிள்ளைகளைப் பார்த்துப் பெரியவர்கள் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். அந்தத் தலைமுறை உருப்படாமல் போய்விடவில்லை. இந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதியை அது மறந்துவிடுகிறது. படம் மூன்று மணி நேரத்தில் முடியும், விளக்கைப் போட்டு வெளியே அனுப்புவார்கள். அடுத்த படத்துக்கு மறுபடி காசு வேண்டும், பேருந்து வேண்டும், வீட்டில் அனுமதி வேண்டும். அன்றைய பொழுதுபோக்குக்கு எல்லை போட்டது பெற்றோரின் கண்டிப்பு மட்டுமில்லை; தூரமும் செலவும் நேரமும் சேர்ந்துதான் போட்டன. இன்று அந்த மூன்றும் இல்லை. போர்வைக்குள்ளேயே கிடைக்கிறது, இலவசமாகக் கிடைக்கிறது, முடிவில்லாமல் கிடைக்கிறது. முன்பு உலகம் தானாகப் போட்டுக் கொடுத்த எல்லையை இன்று ஒருவர் முனைந்து போட வேண்டியிருக்கிறது.

விளையாட்டால் நன்மை இல்லையா? இருக்கிறது. விரைவாக நகரும் விளையாட்டுகளை ஆடுபவர்களுக்குக் கண்ணால் கவனிக்கும் ஆற்றல் கூடுகிறது என்று ஷான் கிரீன், டாஃப்னே பேவலியர் ஆகியோர் 2003-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய ஆய்வு இன்றும் மதிக்கப்படுகிறது. ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் மின்விளையாட்டுக்குப் பதக்கமே கொடுத்தார்கள். எனவே, போனைத் தொடாதே என்று சொல்வது என் வாதமில்லை. திரையிலும் பயிற்சி பெறலாம். எப்போது, எவ்வளவு என்று தீர்மானிக்க ஒரு பெரியவர் வேண்டும். 18 வயதில் உலக சதுரங்க சாம்பியனான சென்னையின் குகேஷ் வாழ்வில் இதற்கு நல்ல சான்று கிடைக்கிறது. கணினி எஞ்சின் இல்லாமல் இன்று சதுரங்கமே இல்லை என்ற நிலையில், அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா தொடக்க ஆண்டுகளில் எஞ்சினைப் பயன்படுத்த விடாமல், தானே யோசித்துப் பழகச் செய்தார். குகேஷின் தந்தை, காது மூக்கு தொண்டை மருத்துவர், தம் தொழிலை ஒதுக்கி வைத்துவிட்டு மகனோடு ஊர் ஊராகப் போனார். அந்தப் பிள்ளைக்கும் இயந்திரத்துக்கும் நடுவே சில ஆண்டுகள் பெரியவர்கள் நின்றார்கள். எல்லாப் பிள்ளைகளும் குகேஷ் ஆக வேண்டியதில்லை, எல்லாப் பெற்றோரும் தொழிலை விட முடியாது. ஆனால், நடுவே நிற்பது யாராலும் முடியும்.

பிள்ளைகள் ஏன் ஆடுகிறார்கள் என்ற கேள்வியை நாம் போதுமான அளவு கேட்பதில்லை. உளவியலாளர் ரிச்சர்ட் ரயனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2006-இல் சொன்ன விளக்கம் எனக்கு மிகப் பொருத்தமாகப் படுகிறது. தானே முடிவெடுக்கும் உரிமை, தன்னால் முடிகிறது என்ற உணர்வு, மற்றவர்களோடு சேர்ந்திருப்பது ஆகிய மூன்றையும் விளையாட்டு தருகிறது, அதனால்தான் இழுக்கிறது. பள்ளியில் கடைசி பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டவன் ஆட்டத்தில் தலைவனாகிறான். வீட்டில் “உனக்கு ஒண்ணும் தெரியாது” என்று கேட்டவனிடம் அங்கே மூன்று பேர் யோசனை கேட்கிறார்கள். நாம் கொடுக்காததைத்தான் அவன் அங்கே பெறுகிறான் என்றால், போனைப் பறித்தால் மட்டும் எதுவும் நிறையாது. பிச்சாவரத்தைச் சுற்றியுள்ள பிள்ளைகளிடம் நகரத்துப் பிள்ளைகளுக்கு இல்லாத அறிவு இருக்கிறது. ஓதம் ஏறுவதும் இறங்குவதும் தெரியும். துடுப்புப் போடத் தெரியும். நீரில் இறங்கிக் கையால் தடவியே இறால் பிடிக்கும் இருளர் குடும்பத்துப் பிள்ளைக்குச் சேற்றுக்கடியில் என்ன அசைகிறது என்று விரல் நுனியிலேயே தெரியும். சுரபுன்னை எது, கண்டல் எது, பால் பட்டால் கண் எரியும் தில்லை மரம் எது என்று பிரித்துச் சொல்லும். 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்று உலக முக்கியத்துவம் பெற்ற சதுப்புநிலம் இது. பக்கத்திலேயே பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையம் இருக்கிறது. ஆனாலும், இந்த அறிவுக்கு எந்தப் பள்ளியும் மதிப்பெண் போடுவதில்லை, எந்தப் பெற்றோரும் இதைச் சொல்லிப் பெருமைப்படுவதில்லை. ஃப்ரீ ஃபயரில் ஒருவனைச் சுட்டால் உடனே பெயர் மின்னுகிறது. எங்கே மதிப்பு கிடைக்கிறதோ, பிள்ளை அங்கே போகும்.

பெற்றோர் செய்ய வேண்டியது பெரிய வேலை ஒன்றுமில்லை, ஆனால் தவறாமல் செய்ய வேண்டியது. இரவு ஒன்பது மணிக்கு மேல் வீட்டிலுள்ள எல்லாப் போன்களும், அப்பாவுடையதும் சேர்த்து, ஒரே இடத்தில் சார்ஜில் இருக்கட்டும். மகனைப் படி என்று சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்து ரீல்ஸ் பார்க்கும் பெற்றோரின் பேச்சு எடுபடாது. மணிக்கணக்கு வைத்து நிறுத்தச் சொல்வதைவிட “இன்னும் இரண்டு ஆட்டம்” என்று கணக்குப் பேசினால் நடுவே பிடுங்கும் சண்டை வராது. யுபிஐ ரகசிய எண் பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் இன்றே மாற்றிவிட வேண்டும். யாருடன் பேசிக்கொண்டு ஆடுகிறான் என்று தெரிந்திருக்க வேண்டும். அடிப்பதும் போனை உடைப்பதும் கோபத்தைத் தணிக்கும், பழக்கத்தை மாற்றாது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட அதையே பெரிதாக நினைத்தல், கேடு வந்தும் விடாமல் தொடர்தல் ஆகிய மூன்றும் ஓராண்டு அளவுக்கு நீடித்தால் அது நோய் என்று உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்தி, அந்த வகைப்பாடு 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸில் இதற்கென்றே 2014 முதல் தனிப் பிரிவு இயங்குகிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம்; சிதம்பரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, அங்கே மனநல மருத்துவரைப் பார்க்கலாம். உயிரை விட்டுவிடுவேன் என்று பிள்ளை சொன்னால் அதை மிரட்டல் என்று தள்ளிவிடக் கூடாது. 14416 என்ற எண்ணை அழைத்தால் எந்த நேரத்திலும் கட்டணமில்லாமல் ஆலோசனை கிடைக்கும்.

மிக வலுவான மறுப்பைக் கடைசியாக வைத்திருக்கிறேன். விடியுமுன் கடலுக்குப் போகிறவருக்கும், மீன் கூடையோடு சந்தைக்குப் போகிறவருக்கும், வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு வீடியோ அழைப்பில் பிள்ளையைப் பார்க்கும் தகப்பனுக்கும் இதற்கெல்லாம் நேரம் ஏது? போனைத் தூக்கி எறியவும் முடியாது. காற்றும் அலையும் எப்படி என்று பார்க்கவும் மீன்வள எச்சரிக்கைகளைப் பெறவும் இன்று கடலோடிகளுக்குப் போன்தான் துணை. நியாயமான கேள்வி. இதைப் பொருட்படுத்தாமல் பெற்றோருக்கு அறிவுரை சொல்பவர்கள் நடுத்தர வர்க்க வீட்டு வரவேற்பறையை மட்டுமே பார்த்துப் பேசுகிறார்கள். ஆனாலும், நாள் முழுதும் காவல் இருக்கச் சொல்லவில்லை. இரவில் போனை வாங்கி வைப்பதும், வாரத்தில் ஒரு ஆட்டத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதும் பள்ளிப்படிப்பு இல்லாத தாயாலும் முடியும். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். பள்ளிக் கோடை விடுமுறையும் பெரும்பாலும் அந்த நாள்களுக்குள்தான் வருகிறது. பிள்ளைகள் அதிகம் ஆடும் காலமும், விசைப்படகுத் தொழிலாளர்களான தகப்பன்மார்கள் கரையில் இருக்கும் காலமும் ஒன்றே. வலை பின்னவும் படகைப் பழுது பார்க்கவும் உட்காரும் இடத்தில் மகனையும் மகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள அந்த இரண்டு மாதம் தானாக வாய்க்கிறது.

ஒரு வீடு மட்டும் கட்டுப்பாடு வைத்தால் பிள்ளை பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். அதனால் இது ஊர் கூடி எடுக்க வேண்டிய முடிவு. அதற்கு அமைப்பும் தயாராக இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கிள்ளை, பரங்கிப்பேட்டை, சிதம்பரம் வட்டாரப் பள்ளிகளின் குழுக்கள் தங்கள் அடுத்த கூட்டத்தில் மூன்று தீர்மானங்களைப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஊர் முழுவதும் இரவு ஒன்பது மணிக்குப் பிள்ளைகளிடமிருந்து போனை வாங்கி வைப்பது. பள்ளி மைதானத்தை மாலை ஆறரை மணி வரை திறந்து வைத்து, முறை வைத்து இரண்டு பெற்றோர் அங்கே இருப்பது. மாதம் ஒரு நாள், அலையாத்திக் காட்டையும் கடலையும் அறிந்த ஊர்ப் பெரியவர் ஒருவரை வகுப்புக்கு அழைத்து, அந்த அறிவு உள்ள பிள்ளைகளை எல்லார் முன்னிலும் பேச வைப்பது. இதற்கு எந்த நிதி ஒதுக்கீடும் தேவையில்லை, எந்த அரசாணைக்கும் காத்திருக்க வேண்டாம்.